கேமாஸ் வழி வேண்டாம்

பேரின்பநாயகம் வடக்கே கோலாலம்பூருக்குப் போகும் ரயிலில் ஏறி எட்டு வருஷமாகிவிட்டது. அந்த ரயில் கேமாஸில் நிற்கும். கேமாஸில் ஸ்டேஷன் மாஸ்டர் இராஜசிங்கம். தன் மகனுக்குப் பேரின்பநாயகத்தின் மூத்த மகள் இராசமலரைக் கேட்டு, கலியாண நாளும் வைத்த பிறகு, அதே பிளாட்பாரத்தில் நாலு பேர் முன்னால், "பெடியனுக்கு வேறை இடம் சரிவந்திட்டுது" என்று சொல்லிவிட்டுப் பச்சைக் கொடியை அசைத்தவர் அவர். பெண்ணைப் பெற்ற பேரின்பநாயகம் நகர்ந்த ரயிலில் தொற்றி ஏறினார். மானமுள்ள மனிதன் இதை மறக்கமாட்டான். மறப்பது முறையுமல்ல.

இப்போது இளையவளுக்குக் கோலாலம்பூரில் சம்பந்தம். வெள்ளிக்கிழமை கலியாணப் பேச்சுக்கால். தகப்பன் நேரில் போய்ச் சபையில் உட்காராவிட்டால் அவர்கள் வேறிடம் பார்ப்பார்கள். அதனால்தான், ஊரெல்லாம் கேட்க உறுமுகிறது என்று மூத்த மருமகன் ஜேசுதாசனின் மோட்டார் சைக்கிளைத் தன் காத்தோங் வீட்டு வாசலில் நிறுத்தவே விடாதவர், அவனுக்கே ஆளனுப்பினார்.

ஜேசுதாசன் ஆஸ்பத்திரியில் காயங்களுக்கு மருந்து கட்டும் டிரெஸ்சர். தேக்காவிலிருந்து வந்தவன், மாமனாரின் மேசையில் தேசப்படத்தை விரித்து நாலு மூலைக்கும் அவருடைய தேவாரப் புத்தகங்களையே பாரம் வைத்தான். கிறிஸ்தவ வேதக்காரனுக்கு அது வெறும் கனமான புத்தகம். பேரின்பநாயகம் அவற்றை எடுத்துவிட்டுத் தன் கைத்தடியைக் குறுக்கே வைத்தார்.

"கேமாஸைத் தொடாமல் வழி இருக்கோ?"

"இருக்கு." பென்சில் ஜொகூர்ப் பாலத்தைத் தாண்டிக் கரையோரமாக ஏறியது. "பத்து பகாட், மூவார். ரெண்டு ஆத்திலயும் படகு. முதல் நாள் மலாக்காவில படுக்கிறது. பிறகு தம்பின், சிரம்பான். ரெண்டு டின் பெட்ரோல் கட்டவேணும். இவ்வளவு தூரம் நானும் ஓடினதில்லை, மாமா. ஜொகூர் மட்டுந்தான்."

"வண்டி வழியில நிண்டால்?"

"தள்ளவேணும். நீங்களும்."

"நான் எங்கை இருக்கிறது?"

"சைட்காரில, வண்டிக்குப் பக்கத்தில பூட்டின இருக்கையில. இல்லாட்டி எனக்குப் பின்னால, என்ர இடுப்பைப் பிடிச்சுக்கொண்டு."

"சைட்கார்," என்றார் பேரின்பநாயகம்.

ஜேசுதாசன் பென்சிலைத் தம்பினில் நிறுத்தினான். "ஒண்டு சொல்லவேணும். இராஜசிங்கத்தார் இப்ப கேமாஸில இல்லை. போன மாசம் தம்பினுக்கு மாத்திட்டினம். ரோட்டு அங்கை ஸ்டேஷனுக்குப் பக்கத்திலதான் தண்டவாளத்தைக் கடக்குது. கேட் சாத்தியிருந்தால் அவருக்கு முன்னால நிக்கவேணும்."

"வேறை ரோட்டு?"

"இல்லை."

"தெரிஞ்சுகொண்டு ஏன் இவ்வளவு நேரம் கோடு கீறினீர்?"

"எட்டு வருஷமாக் கேமாஸ், கேமாஸ் எண்டு நீங்கள் சொல்லுறதை நானும் கேட்டுக்கொண்டிருக்கிறன். அவரின்ர மகன் வேண்டாமெண்டு விட்டதாலதான் இராசமலர் எனக்குக் கிடைச்சது எண்டுதானே அதுக்கு அர்த்தம்?"

குசினியில் தேங்காய் துருவும் சத்தம் நின்றது. புருஷனோடு வந்த இராசமலர் அங்கே இருந்தாள். அர்த்தம் அதுதான்; அது பேரின்பநாயகத்துக்கும் தெரியும். சபை சந்தியில் இவனை யாரென்று கேட்டால் 'ஆஸ்பத்திரியில வேலை' என்பார். மருமகன் என்ற சொல் அவர் வாயில் வந்ததில்லை.

"அவர் கேட்டடிக்கு வருவார்," என்றான் ஜேசுதாசன். "ஆர் உங்கட டிரைவர் எண்டு கேப்பார். என்ன சொல்லப் போறியள்? இப்பவே சொல்லுங்கோ. சரியாச் சொன்னால் வண்டி போகும். இல்லாட்டி டிக்கட் எடுங்கோ. அந்த ரயிலும் தம்பினில நிக்கும்."

"என்ர வீட்டில இருந்துகொண்டு எனக்கே கெடு வைக்கிறீர்."

"ஓம்."

பேரின்பநாயகம் வாசலுக்குப் போய் வண்டியைப் பார்த்தார். சைட்கார் தரையோடு தரையாகக் கிடந்தது. அதற்குள் கால் நீட்டிக் கிடந்தபடி, கொடியும் தொப்பியுமாக நிற்கும் இராஜசிங்கத்தை அண்ணாந்து பார்க்கும் தன் முகத்தை அவர் ஒரு கணம் நினைத்துப் பார்த்தார்.

"அந்தத் தொட்டிலைக் கழற்றும்."

"அப்ப இடுப்பைப் பிடிக்கவேணும்."

"பிடிக்கிறன்."

"உங்கட பெட்டி?"

"ரயிலில போகட்டும். பெட்டிக்கு மானமில்லை."

"நான் கேட்டதுக்குப் பதில் வரேல்லை."

பேரின்பநாயகம் சால்வையை இழுத்துப் போட்டுக்கொண்டார். "என்ர மருமகன் எண்டு சொல்லுவன். எங்கட குடும்பத்தில பொய் சொல்லிப் பழக்கமில்லை. உம்மிலை விருப்பம் வந்து சொல்லுறன் எண்டு நினையாதையும்."

"நினைக்கேல்லை."

"அவனுக்கு முன்னால தொப்பியைக் கழற்றாதையும். வாயும் திறக்காதையும்."

ஜேசுதாசன் குந்தியிருந்து, சைட்காரின் முதல் திருகாணியில் ஸ்பானரைப் பொருத்தினான். "அவர் குட் மார்னிங் சொன்னால்?"

"எஞ்சினை முறுக்கும். புகை அவன்ர வெள்ளைச் சட்டையில படவேணும்."

உள்ளே தேங்காய் துருவும் சத்தம் மறுபடி தொடங்கியது.