சரிவுக்கு ஒரு செடி, தரகருக்கு ஒரு நிழல்

மரத்தை வெட்டி, துண்டு போட்டு, வண்டியில் ஏற்றி அனுப்பிய பிறகும் அதன் நிழல் அங்கேயே கிடந்தது. தரகர் வீட்டுப் பின்புறச் சரிவில் காலையில் மேற்கே நீண்டு, உச்சியில் சுருங்கி, மாலையில் கிழக்கே சாய்ந்து, மரம் இருந்தபோது எப்படி நடந்துகொண்டதோ அப்படியே நடந்துகொண்டது. காற்றடித்தால் அசைந்தது. காக்கைகள்தான் முதலில் கொஞ்சம் குழம்பின. கிளையைத் தேடி இரண்டு சுற்று சுற்றிவிட்டு, போகட்டும் என்று தரையில் இறங்கி நிழலில் உட்கார்ந்தன. மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் வழக்கம்போல அங்கே சற்றுக் கண்ணயர்ந்தார். அண்ணாந்து பார்க்கும் பழக்கம் இல்லாதவர் என்பதால் அவருக்கு வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.

வெட்டியது தரகர். வீடு, மனை, வாடகைக்கு அறை என்று காலில் சக்கரம் கட்டிக்கொண்டு அலைகிறவர்; காலையில் செருப்பை மாட்டினால் ஊர் அடங்கிய பிறகுதான் கழற்றுவார். மரத்தை எடுத்தால் சரிவின் மேல்மூலை நல்ல மனையாகும் என்று அவருக்கு நெடுநாளாக ஒரு கண். மனைவி சம்மதிக்கமாட்டாள் என்று தெரியும். தங்கையின் பிரசவத்துக்கு அவள் போயிருந்த நேரம் பார்த்துக் காரியத்தை முடித்துவிட்டார். மனைவி பல் செட் செய்கிறவள். பல் டாக்டர்கள் எடுத்தனுப்பும் வாய் அச்சில் மாவு ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாக நட்டு வைப்பாள். தெருவுக்கு அவள் பல்காரம்மா. அவளுடைய வேலை அறையின் ஜன்னல் அந்தச் சரிவைப் பார்த்துத்தான் இருந்தது. ஊரிலிருந்து வந்தவள் அடிமரத்தைப் பார்த்தாள், நிழலைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"வெட்டினா போயிடும்னு நெனச்சீங்களாக்கும்?" என்றாள். அதற்குப் பிறகு பல நாள் அவருக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை.

மழைக்காலம் வந்ததும் விஷயம் விளையாட்டாக இல்லாமல் போயிற்று. வேர் உளுத்துப் போனதால் சரிவின் பிடி விட்டது. ஒரே மழையில் பாதி மண் பின்சுவரைத் தாண்டி வேலை அறைக்குள் வந்து, மேஜைக்கால்வரை நின்றது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் மேல்வரிசைப் பற்கள் சேற்றோடு போய், வாசற்படியருகே சிரித்தபடி அகப்பட்டன. பின்சுவரில் விரல் நுழைகிற அளவுக்கு விரிசல். இன்னும் இப்படி ஒரு மழையைச் சுவர் தாங்காது என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். தரையோடு படர்ந்து மண்ணைப் பிடிக்கிற செடி வேண்டும் என்று பல்காரம்மா தெருக்கோடி நர்சரிக்குப் போனாள். வெயிலா நிழலா, அதை மொதல்ல சொல்லும்மா என்றார் நர்சரிக்காரர். நல்ல நிழல் என்றாள். மரம் இல்லை என்பதை அவள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. பெரணியும் வல்லாரையும் மணி பிளாண்டும் கொடுத்தார். மூன்றும் சொல்லி வைத்தாற்போலப் பிடித்துக்கொண்டு படர ஆரம்பித்தன.

அந்தச் சமயத்தில்தான் தரகர் மேல்மூலையை அளக்க டேப்போடு சரிவில் ஏறினார். இறங்கி வரும்போது நிழலும் கூடவே வந்துவிட்டது. கால்சட்டையில் ஒட்டிய முள்ளைத் தட்டுவதுபோல் தட்டிப் பார்த்தார், ஓடிப் பார்த்தார், ஆட்டோவில் ஏறிப் பார்த்தார். பயனில்லை. அவர் வீட்டில் இருந்தால் அது சரிவில் தன் பழைய இடத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். வெளியே கிளம்பினால் ஒரு பெரிய மரத்தின் நிழலாக அவரோடு தெருவில் நடக்கும். முதல் வாரம் வெட்கப்பட்டார். அடுத்த வாரத்திலிருந்து தொழில் பிய்த்துக்கொண்டு போயிற்று. புல்கூட முளைக்காத பொட்டல் மனைக்கு ஆளைக் கூட்டிப் போய், நடுவில் நிறுத்தி, "எப்படிக் குளுகுளுன்னு இருக்கு பாத்தீங்களா?" என்பார். வந்தவர் ஆமாம் என்று அங்கேயே தலையாட்டிவிடுவார். குடிவந்த பிறகு வெந்து நொந்து சண்டைக்கு வருகிறவர்கள்கூட, அவர் நிழலில் நின்று திட்டத் திட்டக் கோபம் ஆறி, ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள். இங்கே சரிவில் பெரணி கருகியது, வல்லாரை சுருண்டது. மண் மறுபடியும் வெறிச்சென்று தெரிந்தது.

சரி, வெயில்தான் விதி என்று பல்காரம்மா பத்துமணிப்பூ வாங்கி நட்டாள். அது நிறம் நிறமாகப் பூத்த வேளையில் தரகர் பொட்டலொன்றில் பள்ளத்தில் காலை விட்டுச் சுளுக்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தார். நிழலும் வந்து சரிவில் உட்கார்ந்தது. பத்துமணிப்பூ பத்து மணிக்கும் விரியவில்லை, மாலைக்கும் விரியவில்லை, அழுகிப் போயிற்று. புருஷன் ஒரு நாளாவது வீட்டில் இருக்கமாட்டாரா, கூட உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடமாட்டாரா என்று வருஷக்கணக்காக ஏங்கியவள் அவள். ஆனால் முழுநேரமும் வீட்டில் இருக்கிற புருஷன் என்பது வேறு சரக்கு என்று அப்போதுதான் தெரிந்தது. வேலை அறைக்குள் மூக்கை நுழைத்தார். பல் அளவுக்கு வந்தவரிடம், "இந்தப் பல்லு உங்க முகத்துக்குப் பெருசு சார்" என்றார். அந்த ஆள் அப்படியே எழுந்து போய்விட்டார். சுளுக்கு சரியாகி அவர் செருப்பை மாட்டிய அன்று அவளுக்கு ஒரு கண்ணில் நிம்மதி, ஒரு கண்ணில் அழுகை. முழுசாக வேண்டாம், பாதி போதும் என்று மனசு கணக்குச் சொன்னது.

நர்சரிக்காரரிடம் இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பூவாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப உங்க வீட்டுக்காரர் எப்ப வீட்ல இருப்பார்னு தெரிஞ்சாத்தாம்மா செடி சொல்ல முடியும்."

"அது தெரிஞ்சா நான் ஏண்ணே உங்ககிட்ட வர்றேன்?"

அவர் யோசித்து, மூலையிலிருந்து ஒரு தட்டு நாற்று எடுத்து வந்தார். வேர்க்கடலைச் செடிக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி இருந்தது. கடலைக்காக யாரும் வளர்ப்பதில்லை, மஞ்சள் பூவோடு தரையில் ஊர்ந்து கணுவுக்குக் கணு வேர்விட்டு மண்ணை இறுக்கிக்கொள்ளும். "இது வெயில்லயும் வரும், நிழல்லயும் வரும். கவலையே படாதீங்க. உச்சி வெயில்ல மட்டும் இலையைக் கூப்பிக்கும், சாயந்தரம் தானா விரிஞ்சிடும்" என்றார். பல்காரம்மா நாற்றையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அண்ணே, அவர் வந்து கேட்டா உச்சியில இலை கூப்பிக்கிற விஷயத்தை மட்டும் சொல்லுங்க" என்றாள்.

நட்டு முடித்த மறுநாள் தரகரைச் சரிவுக்கு முன்னால் நிறுத்தினாள். காலை வெயில் இதற்கு வேண்டும், மதியத்துக்கு மேல் நிழல் இல்லாவிட்டால் செத்துவிடும் என்றாள். செத்தால் மண் வரும், சுவர் விழும், அதன் பிறகு அவர் விற்க வேண்டிய முதல் இடம் இதுதான் என்றாள். அன்று உச்சியில் நிழல் சுருங்கியதும் அதற்கு வெளியே இருந்த இலைகள் எல்லாம் கூப்பிக்கொண்டதைத் தரகர் தம் கண்ணாலேயே பார்த்தார். முகம் வெளுத்துப் போயிற்று. அதுமுதல் உச்சி சாய்வதற்குள் வீடு திரும்ப ஆரம்பித்தார். வருவார், சாப்பிடுவார், எதிரில் அவளும் சாப்பிடுவாள். மாலையில் விரிந்த இலைகளைப் பார்த்துத் தம் நிழலின் மகிமை என்று பூரித்துப் போவார். பெருமழை வந்தது. சரிவிலிருந்து தெளிந்த தண்ணீர்தான் இறங்கியது, ஒரு பிடி மண் இறங்கவில்லை.

மழை விட்ட பின் ஒரு பெரிய பணக்காரர் ஒரு மலையடிவாரத்தையே வாங்குவதாக வந்தார். மாலைவரை சுற்றிப் பார்க்க வேண்டும் என்றார். அன்று உச்சி சாய்ந்தும் நிழல் வரவில்லை. பல்காரம்மா இரண்டு தட்டை வைத்துவிட்டு, அதில் ஒன்றைத் திருப்பி எடுத்து வைத்தாள். செடிக்கு ஒன்றும் ஆகாது என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் வயிறெரிந்தது.

அதே நேரத்தில் தரகர் நர்சரி வாசலில் நின்றுகொண்டிருந்தார். கொஞ்சம் தாமதமானால் செடி தாங்குமா என்று கேட்கத்தான் வந்தார். அவர் நிழலில் நின்ற சுகத்தில் நர்சரிக்காரர் வாய் தவறி, அது எங்கேயும் வரும் சார், நிழலே தேவையில்லை என்று உளறிவிட்டார். உளறியதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். தரகர் கைப்பேசியை எடுத்து, "சார், மதியத்துக்கு மேல நான் வர்றதில்ல, நாளைக்குக் காலைல பாக்கலாம்" என்று பணக்காரரிடம் சொன்னார்.

"எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாதீங்க" என்று நர்சரிக்காரரிடம் சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தார்.

வேலை அறை ஜன்னலில் வெளிச்சம் குறைந்தது. பல்காரம்மா கையைக் கழுவிக்கொண்டு போய் இரண்டாவது தட்டை மறுபடியும் வைத்தாள். "செடி என்ன பாடுபட்டிருக்கும், கொஞ்சமாவது அக்கறை இருக்கா?" என்று சீறினாள். தப்புத்தான் என்று தரகர் தலைகுனிந்து உட்கார்ந்தார். இன்றைக்கும் அந்தப் பகுதியில் மனை பார்க்க விரும்புகிறவர்கள் காலையிலேயே வந்துவிடுகிறார்கள்.