கீல் அறை

அந்த ஏணி கம்பெனியில், கணினியில் புதிதாக ஒரு ஃபோல்டர் போட்டால் நடைக்கூடத்தில் ஓர் அறை முளைக்கும். வெளியிலிருந்து பார்த்தால் கட்டடம் பழைய அளவில்தான் இருந்தது. உள்ளே மட்டும் நடைக்கூடம் நீண்டுகொண்டே போயிற்று. மின்னஞ்சல்களை ஒழுங்குபடுத்த ஒரு பெண்ணை வேலைக்கு எடுத்த வாரம் இது தொடங்கியது. அதுவரை விலை விசாரிப்பு, புகார், லாரி வாடகை, காலை வணக்கப் படம் எல்லாம் ஒரே குவியலாகக் கிடந்தன. அவள் 'வாங்குவோர்' என்று ஒரு ஃபோல்டர் போட்டாள், கதவு வந்தது. உள்ளே போய் நின்றால் அஞ்சல்கள் வந்த வரிசையில், அனுப்பியவர்களின் குரலிலேயே ஒலித்தன. சில நாள் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். பிறகு கணக்காளர் 'விளம்பரம்' அறையில் மதியத் தூக்கம் போடப் பழகினார். கடன் தருகிறோம், முடி வளர்க்கிறோம் என்று ஆளாளுக்குக் கெஞ்சுவதைக் கேட்டால்தான் கண் சொருகுகிறது என்றார். கட்டட வரிக்கு அளக்க வந்தவர் டேப்பை நீட்டி நீட்டிப் பார்த்து அலுத்து, வெளிச்சுவர் அளவையே எழுதிக்கொண்டு போனார். ஃபோல்டரை அழித்தால் அறையும் சாயங்காலத்துக்குள் சுவரோடு சுவராகிவிடும். அதிர்ந்து பேசாத அவளுக்கு ஃபோல்டரக்கா என்ற பெயர் நிலைத்தது.

முதலாளிக்கு ஒரு பழக்கம். கம்பெனிக்கு எந்த அஞ்சல் வந்தாலும் தனக்கும் ஒரு நகல் வரவேண்டும். வந்ததும் 'பார்த்தேன்' என்று ஒரே வார்த்தையில் பதில் போடுவார். சவரம் செய்யும்போதும் போடுவார். மகளின் கல்யாணத்துக்கு நாள் கேட்டு சம்பந்தி எழுதியதற்கும் அதையே போட்டதில் கல்யாணம் நிற்க இருந்தது. எதையும் தவறவிடாத மனிதர் என்று அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததும் அந்த வார்த்தைதான். அவர் எதையும் படித்ததில்லை.

மடக்கு ஏணியின் இரு பக்கத்தையும் பிணைக்கும் கீல் கழன்றுவிடுகிறது என்று சில வருடங்களாகவே எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு எலக்ட்ரீஷியன், ஒரு பள்ளிக்கூடக் காவலாளி, பழம் பறிக்கிற ஒருவர். அவள் அவற்றைச் சேர்த்துக் 'கீல்' என்று ஃபோல்டர் போட்டு, அந்தச் சொல் வரும் அஞ்சலெல்லாம் தானாகவே அங்கே போகும்படி செய்தாள். அந்த அறையில் ஒவ்வொரு குரலும் முடிந்ததும் முதலாளியின் குரல் 'பார்த்தேன்' என்றது. அவள் இரண்டு தடவை நேரில் போய்ச் சொன்னாள். "அதான் பார்த்தேனே!" என்றார் அவர்.

பிறகு ஒரு பெயின்டர் அந்த ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். ஏணியைச் சரியாகப் போடாதது அவர் தவறு என்று கம்பெனி விபத்து அறிக்கையில் எழுதிக் கொடுத்தது. பெயின்டரின் மனைவி வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, இனிமே யாரு அவர வேலைக்குக் கூப்பிடுவாங்க? அவரு தப்புன்னு எழுதியிருக்கிற அந்த ஒரு வரிய எடுக்கச் சொல்லுங்க."

விபத்தை விசாரிக்க அரசு அதிகாரி திங்கட்கிழமை வருவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை முதலாளி அவளைக் கூப்பிட்டு, கீல் ஃபோல்டரைத் தூக்கச் சொன்னார்.

"தூக்க மாட்டேன் சார்."

"உனக்குச் சம்பளம் குடுக்கிறது யாரு?"

"நீங்கதான் சார். அடுக்கி வைக்கக் குடுக்கிறீங்க."

அவர் தாமே அழிக்க உட்கார்ந்தார். அவள் ஒரு முக்காலியையும் சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு கீல் அறைக்குள் போய் உட்கார்ந்தாள். திரையில் எழுத்து வந்தது: இந்த ஃபோல்டர் பயன்பாட்டில் உள்ளது, அழிக்க முடியாது. அவர் பட்டனைக் குத்து குத்தென்று குத்தினார். கணினி பழுதுபார்ப்பவர் வந்து பார்த்துவிட்டு, "உள்ள ஆள் இருக்காங்களே சார், எப்படி அழியும்?" என்று கையை விரித்தார். கரண்ட்டை நிறுத்தியும் குரல்கள் நிற்கவில்லை. கீல் அறையை விட்டு வராததால் வேலையை விட்டு நீக்குகிறேன் என்று அவளுக்கு அஞ்சல் அனுப்பினார். அதில் கீல் என்ற சொல் இருந்ததால் அதுவும் அவள் தலைக்கு மேலேயே ஒலித்தது. தமக்கு வந்த நகலுக்குப் பழக்கதோஷத்தில் பதிலும் போட்டார். 'பார்த்தேன்.' அவள் வேலைக்குச் சேர்ந்து முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

"நீ போய்க் கை கால் கழுவிட்டு வாம்மா, நான் உக்காந்திருக்கேன்" என்று கணக்காளர் வந்தார். அந்த அறையில் அவருக்குத் தூக்கமே வரவில்லை. பெயின்டரின் மனைவியும் வந்து முறை மாற்றிக்கொண்டாள். முக்காலி சூடு ஆறவே இல்லை.

திங்கட்கிழமை அதிகாரி அதே முக்காலியில் உட்கார்ந்து கடைசிக் குரல்வரை கேட்டார். பிறகு, "இதையெல்லாம் நீங்க பார்த்தீங்களா?" என்று முதலாளியைக் கேட்டார். முதலாளி தம் வாழ்நாளில் முதல் முறையாக, "பார்க்கல" என்றார். நடைக்கூடத்தின் எல்லா அறைகளிலிருந்தும் அவர் குரலே 'பார்த்தேன்' என்றது. அதிகாரி பேனாவைத் திறந்து, அறிக்கையில் பெயின்டர் தவறு என்றிருந்த அந்த வரியை அடித்தார்.

ஏணிகளுக்குக் கீல் மாற்றப்பட்டது. அவளை நீக்கிய அஞ்சலை யாரும் திரும்பப் பெறவில்லை. அது இன்னும் அந்த அறையில் ஒலிக்கிறது, அவளும் தினமும் வேலைக்கு வருகிறாள். முக்காலி காலியாக இருப்பதில்லை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதலில் கழிப்பறையைக் காட்டுவார்கள், பிறகு தண்ணீர்க் குழாயை, பிறகு கீல் அறையில் அவர்களுடைய முறை எப்போது என்பதைச் சொல்வார்கள். புதன்கிழமை மதியங்களை மட்டும் யாருக்கும் கொடுப்பதில்லை. அது ஊன்றுகோலோடு வரும் பெயின்டருடையது.