படத்தில் இல்லாத மச்சம்

படம் என்பது எண்கள் நிரப்பிய கட்டங்கள்தான் என்று அடித்துச் சொல்வார் விஜயரத்தினம். 2007இல் இலங்கையின் மாத்தளை நகரில் கணினி வகுப்பு நடத்தியவர். பூச்சியம் கறுப்பு, இருநூற்றைம்பத்தைந்து வெள்ளை. அக்கம்பக்கத்தோடு ஒத்துப்போகாத புள்ளிக்கு இரைச்சல் என்று பெயர்; அதை அக்கம்பக்கத்தின் நிறத்துக்கே மாற்றிவிட வேண்டும். போர் நடந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில் தமிழர் ஒருவர் இதை இவ்வளவு உற்சாகமாகச் சொன்னது வேடிக்கைதான்.

செய்துகாட்டத் தன் படத்தையே எடுத்தார். தூசி போனது, கீறல் போனது, இடது கன்னத்து மச்சமும் போனது.

“மச்சமும் இரைச்சலா சேர்? அது உங்களோட பொறந்ததுங்களே!” என்றாள் இரத்தோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கும் தேயிலைத் தோட்டப் பள்ளி ஆசிரியை புஷ்பவதி.

வகுப்பே சிரித்தது. ஆனால் படம் அழகாக இருந்தது. ஆசை யாரை விட்டது? புதிய அடையாள அட்டைக்கு அதையே கொடுத்தார்.

சில மாதம் கழித்து, கண்டியில் நிரந்தர வேலைக்கு நேர்முகத் தேர்வு. வழியில் சோதனைச் சாவடி. பொலிஸ்காரர் அட்டையைப் பார்த்தார், கன்னத்தைப் பார்த்தார், மச்சத்தை விரலால் தேய்த்தும் பார்த்தார். அது போகவில்லை.

வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். வாத்தியார் புத்தி விடுமா? நல்ல சிங்களத்தில் பாடத்தை முதலிலிருந்து ஆரம்பித்தார்.

“அப்படியென்றால் யாருடைய முகத்தையும் உன்னால் மாற்ற முடியும்?”

“முடியும், மாத்தயா” என்றார் பெருமையாக. பஸ் அவரை விட்டுவிட்டுப் போனது.

பொலிஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். திரையில், குடை நிழலில் முகம் இருண்டுபோன ஒரு பெண்.

“இவளைத்தான் தேடுகிறோம். முகத்தைத் தெளிவாக்கிக் கொடுத்துவிட்டுப் போ. தேர்வுக்கு ஜீப்பிலேயே இறக்கிவிடச் சொல்கிறேன்.”

வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டியதுமே விஜயரத்தினத்துக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. புஷ்பவதி. இன்னும் இரண்டு சொடுக்கு போதும், ஊருக்கே தெரியும்.

வெளிச்சத்தைப் பழையபடி குறைத்தார்.

“முடியாது, மாத்தயா. இருட்டில் எண்களே பதியவில்லை.”

“யாருடைய முகத்தையும் மாற்றுவாய் என்றார்களே?”

“சும்மா பெருமைக்குச் சொன்னேன். எனக்கு அவ்வளவு தெரியாது.”

இன்ஸ்பெக்டர் வாய்விட்டுச் சிரித்தார். இந்த மடையனா முகத்தை மாற்றப் போகிறான் என்று சொல்லி அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். ஜீப் வரவில்லை; தேர்வு நேரமும் தாண்டிவிட்டது. விஜயரத்தினம் மாத்தளை பஸ்ஸுக்காகத் தெருவில் காத்து நின்றார்.