வாங்குபவரின் விசை

கார்த்திகை பிறந்தும் கார் விலகவில்லை. கடலும் வானும் ஒரே சாம்பல் நிறம் பூண்டு, எவரையோ எதிர்நோக்குவனபோல் வாயடைத்துக் கிடந்தன. அரசலாறு செந்நீர் சுமந்து வந்து அலைவாயில் மெல்லக் கரைந்தது. எண்பத்தொன்பதாம் ஆண்டின் திருக்கார்த்திகை நாள் அது. காரைக்கால்மேட்டிலோ பல வாசல்களில் அகல் வைப்பாரில்லை. புயலில் சிக்கிய படகுகள் திரும்பவில்லை.

கரையோர நிவாரண முகாமில், இரவல் கம்ப்யூட்டரின் முன் கைலாசநாதன் அமர்ந்திருந்தான். வெளியூர்களில் கரையேறியவர்களின் பட்டியல் பிளாப்பியில் வந்திருந்தது. பிரிண்டர் பழுது. பெயர்கள் திரையில் விறுவிறுவென மேலேறி மறைந்தன. தந்தி நிலையத்திலிருந்து உதவிக்கு வந்த அஞ்சுகம் அவற்றைப் படிக்க முயன்றாள். அவளருகே செல்லம் நின்றாள். செல்லத்தின் கணவன் தங்கையன் கடலுக்குப் போய் ஆறு நாள்.

"தங்கையன்னு ஒண்ணு போச்சு! நிறுத்துங்க தம்பி," என்றாள் அஞ்சுகம்.

"எந்த ஊருன்னு பாத்தீங்களா அக்கா?" செல்லம் திரையை நெருங்கினாள்.

"நிக்காதுங்க. மூணு தடவ ஓட்டியாச்சு," என்றான் கைலாசநாதன். "இது ஒங்க டக்குடக்குத் தந்தி இல்ல."

அஞ்சுகம் அசரவில்லை. பத்தொன்பது ஆண்டு தந்தி வாங்கிய கை அது. அனுப்புகிறவர் விரைந்தால், வாங்குகிறவர் தம் விசையைத் திறந்து மின்னோட்டத்தைத் துண்டிப்பார், எதிர்முனை அடங்கும். தந்தியை எழுத்தாகவே அச்சடிக்கும் டெலிபிரிண்டர் வந்தபோது அவ்வழக்கமே 'பிரேக்' என்னும் தனி விசையாயிற்று. வாங்குபவருக்கு வாய் வைக்காமல் எவரும் கருவி செய்யார் என்பது அவள் துணிபு. விசைப்பலகையைத் துழாவினாள். மேல்வரிசையின் வலக்கோடியில், விரலழுக்கே படாத ஒரு விசை. அதன் முன்விளிம்பில் அதே 'பிரேக்'.

"ஐயோ, அது வேணாங்க! கன்ட்ரோலோட சேத்து அமுக்கினா வேலையே அறுந்துபோவும். நாங்க அந்தப் பக்கமே போறதில்ல."

"சேத்து அமுக்கினாத்தானே? நான் தனியா அமுக்குறேன். ஓட்டுங்க."

பெயர்கள் மீண்டும் ஓடின. தந்தி வாங்கும் அமைதியோடு விரலை விசைமேல் வைத்துக் காத்திருந்தாள். அமுக்கினாள். திரை அப்படியே நின்றது.

"தங்கையன், காரைக்கால்மேடு. வயசு முப்பத்தஞ்சு. கோடியக்கரையில நலம்."

"முப்பத்தஞ்சா? எப்பவும்போல நாலு வயசக் கொறச்சுச் சொல்லிருக்காரு. அப்ப அவரேதான்!" செல்லம் அழுகையினூடே சிரித்தாள்.

இனி எந்த விசையைத் தொட்டாலும் பட்டியல் ஓடிவிடும் என்றறிந்து, கைலாசநாதன் கையைக் கட்டிக்கொண்டான்.

சேதி வந்தபின்பே ஏற்றுவதென்று மடியில் முடிந்திருந்த அகலைச் செல்லம் எடுத்தாள். கடல் பார்த்த சன்னலில் வைத்து, திரி நனைத்துச் சுடரேற்றி, கைகுவித்து நின்றாள். பின்பு அஞ்சுகத்தின் விரல்களைப் பற்றித் தன் கண்களில் ஒற்றினாள்.

"இந்தக் கை நல்லாருக்கணும் அக்கா. ஒங்க வாசல் வெளக்கு என்னைக்கும் அணையாம எரியணும்."