ஆந்தை இருந்த இடம்

"பிறகு? காரை எங்கை நிப்பாட்டினீங்கள்?"

அன்ரனெற் அக்கா மூன்றாவது முறையாகக் கேட்டார். பெட்டிக்குள் கிடந்த கணவரின் கோட்டில் ஒட்டியிருந்த நூலொன்றை எடுத்தபடி, "ஒஷாவாப் பக்கமக்கா" என்றாள் யூஜினி.

செத்தவீட்டில் இந்தக் கேள்விக்குத் தப்ப வழியில்லை. வருகிற ஒவ்வொருவரும் கையைப் பிடித்துக்கொண்டு எப்படி, எங்கே என்று கேட்பார்கள். மனைவி முதலிலிருந்து சொல்லி அழவேண்டும். சொல்லாவிட்டால் துக்கம் போதாது என்று பெயர் வரும். ஸ்காபரோவின் அந்த மண்டபத்தில் மத்தியானத்திலிருந்து யூஜினி இருபது தடவை சொல்லிவிட்டாள். ஒருவரிடம் யூனியன்வில் என்றும் இன்னொருவரிடம் ஏஜக்ஸ் என்றும் மாற்றிச் சொன்னதில்தான் பிழையாகிப்போயிற்று. பின்வரிசையில் கோப்பியோடு இருந்தவர்கள் ஒத்துப் பார்த்தபோது, அமிர்தநாதர் மூன்று ஊர்களில் செத்திருந்தார்.

"உதிலை என்னவோ இருக்குது" என்று அன்ரனெற் அக்கா தீர்ப்பளித்தார்.

அவருக்கு அதைச் சொல்லும் உரிமை உண்டு. ரெக்ஸ்டேலில் கதவுப்பிடி செய்யும் தொழிற்சாலையில் வேலைபார்த்த அமிர்தநாதர், நாலு குளிர்காலமாக ஞாயிறு காலைகளில் ஒரு வெள்ளைக்காரியின் காரில் ஏறிப் போவதை, ஆறாம் மாடி ஜன்னலிலிருந்து முதலில் கண்டவர் அவர்தான். அன்றைக்கே யூஜினியிடம் வந்து ஒப்புவித்தார். ஆந்தை பார்க்கப் போகிறேன் என்று அந்த மனிதர் சொன்ன காரணத்தைக் கட்டடத்தில் யாரும் நம்பவில்லை. பொய் சொல்லுகிறவன் இதைவிட நல்லதாகச் சொல்லியிருப்பான் என்று யூஜினிக்கு மட்டும் தோன்றியது.

போன ஞாயிறு அந்த வெள்ளைக்காரி கிளடிசுக்குக் காய்ச்சல். "அப்ப நான் வாறன்" என்று யூஜினி கார்த் திறப்பை எடுத்தாள். லைசன்ஸ் கிடைத்து ஆறு மாதம். ஆந்தைதானா என்று ஒருக்காப் பார்த்துவிடுகிற எண்ணம்.

மூன்று மணித்தியாலம் பனிக்குள் நடந்தார்கள். சப்பாத்துக்குள் தண்ணீர் போய்விட்டது. திரும்பலாம் என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் அவள் கண்டாள்.

"அங்கை பாருங்கோ. ஆரின்ரையோ பூனைக்குட்டி மரத்திலை."

அவர் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தார். வெகுநேரம் அதை இறக்கவில்லை.

"உது பூனையில்லை, யூஜினி" என்றார், குரலே இல்லாமல். வடக்கே பெருங்காட்டில் எலி இல்லாமல் போகிற வருடங்களில் மட்டும் இறங்கிவரும் சின்ன ஆந்தை. "இருபது வருசமாத் தேடித் திரியிற சனம் இருக்குது. நீ ஒரு நாள் வந்து கண்டுட்டாய்."

சொல்லிவிட்டு அவர் ஆந்தையைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். கலியாணப் படத்தில்கூட அந்த மனிதர் அவளை அப்படிப் பார்த்திருக்கவில்லை.

காரில் ஏறியதும், "இடத்தை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை" என்றார். "சொன்னா நாளைக்கு ஐம்பது பேர் கமெராவோடை வந்து நிப்பினம். அது பசியிலை வந்தது, பாவம். கலைச்சுக் கலைச்சே சாக்காட்டிப் போடுவினம். கிளடிசுக்கு மட்டும் நான் சொல்லுவன், என்ரை மனுசி கண்டதெண்டு."

நெடுஞ்சாலை ஏறுமுன் அவருடைய தலை கண்ணாடியில் சாய்ந்தது. களைப்பில் தூங்குகிறார் என்றுதான் அவள் நினைத்தாள்.

"ஆந்தையின்ரை முகத்திலை முழிச்சா வேறை என்ன நடக்கும்?" அன்ரனெற் அக்கா விடுவதாக இல்லை. "இடத்தைச் சொன்னியெண்டாலாவது எங்கடை பிள்ளையள் அந்தப் பக்கம் போகாமல் பாப்பம்."

"மறந்துபோனன் அக்கா."

"புருசன் சாகக் கிடந்த இடம் ஒருத்திக்கு மறக்குமோ?"

செபமாலை உருட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். ஊரெல்லாம் நாளைக்கு என்ன கதைக்கும் என்று யூஜினிக்குத் தெரியும். ஒரு சொல் போதும், எல்லாம் தீர்ந்துவிடும். அவள் பெட்டிக்குள் குனிந்து கோட்டிலிருந்து இன்னொரு நூலை எடுத்தாள்.

அந்த நேரத்தில்தான் கிளடிஸ் வந்தார். கைத்தடி, பனிச் சப்பாத்து, முழங்கால்வரை தொங்கும் பழைய கோட்டு. வயது எழுபத்தாறுக்குக் குறையாது. நாலு வருடம் கட்டி எழுப்பிய கதை கண்ணெதிரே இடிந்ததில், பின்வரிசைக்கு வந்த துக்கம் உண்மையானது.

கிளடிஸ் பெட்டியருகே சிறிது நேரம் நின்றார். பிறகு யூஜினியிடம் வந்து, மெதுவான ஆங்கிலத்தில், அன்றைக்கு அவர் ஏதாவது கண்டாரா என்று கேட்டார்.

யூஜினி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள். மஞ்சள் கண். வெளிறிய சொண்டு. முகத்தைச் சுற்றிக் கறுப்புக் கரை. நெற்றியில் அரிசி சிந்தினது மாதிரி வெள்ளைப் புள்ளிகள். கிளடிஸ் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அன்ரனெற் அக்கா ஒரு அடி கிட்ட வந்து காதைக் கொடுத்தார்.

கிளடிஸ் இடத்தைக் கேட்கவில்லை. முதலில் கண்டது யார் என்றுதான் கேட்டார்.

யூஜினி பெட்டிப்பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

"நான்" என்றாள்.

கிளடிஸ் கைத்தடியை இடக்கைக்கு மாற்றினார். வலக்கை உறையைப் பல்லால் இழுத்துக் கழற்றிவிட்டு, பரிசு வாங்க மேடையேறியவளுக்குக் கொடுப்பதுபோல யூஜினியின் கையைப் பிடித்து, ஒன்று, இரண்டு, மூன்று தரம் குலுக்கினார். யூஜினி நிமிர்ந்து நின்று கொடுத்தாள். அவர்களுக்குப் பின்னால், துக்கம் விசாரிக்க வந்தவர்கள் வரிசையில் காத்து நின்றார்கள்.