எல்லா வீட்டுக்கும் ஒரே அலாரம்

அமெரிக்காவின் கென்டக்கி மலைப்பக்கத்தில் ஒரு ட்ரெய்லர் குடியிருப்பு. அங்கே வெர்லீன் ஸ்டிடம் என்பவள் தனியாக இருந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். தகரமும் மெல்லிய பலகையுமாக நீளப் பெட்டி போன்ற வீடு. அதில் புகை அலாரம் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் காலையில் பேக்கன் இறைச்சி வறுக்கத் தொடங்கினாலே குடிமுழுகிப் போனதுபோல் அலறும். ஒருநாள் பொறுமையிழந்து துடைப்பக்கட்டையால் ஒரு போடு போட்டாள். அன்றோடு அது வாயை மூடிக்கொண்டது. மற்ற வீடுகளிலும் ஏறக்குறைய இதே கதைதான்.

ஜனவரிக் குளிரில், தீயணைப்பு அலுவலகத்திலிருந்து சோதனைக்கு ஆள் வருவதாகத் தகவல் வந்தது. குடியிருப்பின் மேலாளர் பர்விஸ் எல்லோரையும் கூட்டினார்.

"அலாரம் இல்லாத வீட்டப் பூட்டிருவாங்களாம். கவலப்படாதீங்க, நான் ஒண்ணு வாங்கியிருக்கேன்."

"எல்லாருக்கும் ஒண்ணா?" என்றாள் வெர்லீன்.

"எல்லா வீடும் ஒரே நேரத்துலயா பத்திக்கப் போகுது?"

திட்டம் எளிமையானது. அதிகாரி ஒரு வீட்டை முடித்து முன்வாசல் வழியே இறங்கியதும், பக்கத்து வீட்டு ஓடெல் பின்வாசலில் நுழைந்து அலாரத்தைக் கழற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும். அவன் அதை மாட்டி முடிக்கும்வரை அதிகாரியைப் பேச்சில் இழுத்து நிறுத்துவது வெர்லீனின் பொறுப்பு. வெட்கமாகத்தான் இருந்தது அவளுக்கு. ஆனால் வீட்டைப் பூட்டிவிட்டால் அந்தக் குளிரில் எங்கே போவது?

அதிகாரி டாக்கெட் முதலில் வெர்லீன் வீட்டைப் பார்த்தார். அலாரத்தின் பொத்தானை அழுத்தினார். கத்தியது. திருப்தியோடு இறங்கினார். வெர்லீன் ஈரக் கையுறைகளை நாற்காலியில் காயப்போட்டு, மின் ஹீட்டரை அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு அவர் பின்னால் ஓடினாள். வீட்டுக் கணப்பு கெட்டுப்போய் மாதங்கள் ஆகியிருந்தன. "பாக்கலாம், பாக்கலாம்" என்றே பர்விஸ் காலம் கடத்தியதால், நீட்டிப்பு ஒயரில் மாட்டிய அந்த ஹீட்டர்தான் அவளுக்குக் கதி.

வரிசையாக வீடுகள் தேறிக்கொண்டே வந்தன. டாக்கெட் மட்டும் ஓரிடத்தில் தலையைச் சொறிந்தார்.

"எல்லா அலாரத்துலயும் ஒரே எடத்துல கீறல் இருக்கே?"

"மொத்தமா வாங்குனோம்ல, அதான் ஐயா," என்றார் பர்விஸ்.

வெர்லீன் சட்டென்று தன் மூட்டுவலியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

எதிர் வரிசைக்கு மாறும்போதுதான் வினை வந்தது. அலாரத்தைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வெர்லீன் வீட்டுப் பின்புறமாக ஓடிய ஓடெலின் நெஞ்சு திடீரென்று அலறியது. எல்லோரும் திரும்பினார்கள். அவன் இரண்டு கையாலும் மார்பைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தான்.

"போன் ஐயா," என்றான் டாக்கெட்டிடம்.

"ஆமா, புதுசா வந்த போன்," என்றார் பர்விஸ்.

வெர்லீனுக்கு அவர்களுக்குப் பின்னால் தன் ஜன்னலிலிருந்து புகை வருவது தெரிந்தது. ஓடெலைப் பார்த்துக் கத்தினாள்.

"பொய் சொன்னது போதும்டா. அது என் வீட்டுப் புகைய மோந்துட்டுக் கத்துது."

டாக்கெட் வண்டியிலிருந்து தீயணைப்பானை எடுத்துக்கொண்டு ஓடினார். நாற்காலியும் திரையும் பாதிச் சுவரும் கருகியதோடு தீ அடங்கியது.

"காலைல உங்க வீட்ல அலாரம் இருந்துச்சேம்மா?"

"இருந்துச்சு. உங்களுக்கு முன்னாடியே அடுத்த வீட்டுக்குப் போயிருச்சு," என்றாள் வெர்லீன். பிறகு கணப்பு கெட்டுப்போனதிலிருந்து ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள்.

பர்விஸ் தொண்டையைச் செருமினார். "ஆனா அலாரம் நல்லா வேல செய்யுது, அத எழுதிக்குங்க."

வீட்டுக்கு வீடு அலாரம் மாட்ட வேண்டும், வெர்லீனின் கணப்பைச் சரிசெய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தது. சுவர் சரியாகும்வரை அவள் ஓடெல் வீட்டுச் சோபாவில் படுத்தாள். அந்த வாரப் பத்திரிகையில் பர்விஸின் படம் வந்திருந்தது. நிர்வாகத்தின் முன்னெச்சரிக்கையால் பெருவிபத்து தவிர்க்கப்பட்டதாம்.

வெர்லீன் அதைப் படித்துவிட்டு டாக்கெட்டுக்குப் போன் போட்டாள்.

"இங்க பொதுவா வச்சிருக்கிற துணி உலர்த்துற மெஷின்களுக்குப் பின்னால துணிப்பஞ்சு மெத்த மாதிரி சேந்து கெடக்கு, ஒரு பொறி பட்டாப் போதும். நாளைக்கு வர்றீங்களா?"

"பர்விஸ்கிட்ட முன்கூட்டியே சொல்லணுமேம்மா."

"தாராளமாச் சொல்லுங்க. பின்வாசல்ல நான் நிக்கிறேன்."