அமரர் ஊர்தியின் ஹாரன்

அமரர் ஊர்தியில் பெட்டியை ஏற்றிக் கதவைச் சாத்தியதுதான் தாமதம், ஹாரன் தானாக அலற ஆரம்பித்தது. யார் என்ன செய்தும் நிற்கவில்லை. பெட்டிக்குள் படுத்திருந்த எலக்ட்ரீஷியன்தான் அந்த வண்டிக்கு மொத்த வயரிங்கும் செய்தவர். ஃபியூஸ் எங்கே இருக்கிறது என்று அவரைத் தவிர ஒரு ஜீவனுக்கும் தெரியாது. இனி அவரிடம் போய்க் கேட்கவா முடியும்?

அவர் மனைவிக்கு இன்னும் அழவே நேரம் கிடைக்கவில்லை. காலையிலிருந்து ஆள் மாற்றி ஆள் வந்து எதையாவது கேட்டுக்கொண்டே இருந்தார்கள். வண்டியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நிம்மதியாக அழலாம் என்றிருந்தாள். இந்தக் கூச்சலில் எவளால் அழ முடியும்?

டிரைவர் ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டான். அவள் தம்பி டாஷ்போர்டைக் கழற்றினான். உள்ளே பாதி தின்ற கிரீம் பிஸ்கட் பாக்கெட் இருந்தது. சர்க்கரை வியாதிக்காரரான அக்கா புருஷன் வயரிங் வேலையின்போது ஒளித்து வைத்த லட்சணம் அது.

"பேட்டரி வயரைப் பிடுங்கிடுப்பா," என்றார் சின்ன மாமனார்.

"பிடுங்கினா வண்டி எப்படிங்க நகரும்?" என்றான் டிரைவர்.

"அப்ப ஹாரனையே கழட்டு."

"பம்பருக்குள்ள வச்சு வெல்டு அடிச்சிருக்காருங்க. யாராவது திருடிடுவாங்களாம்."

முன்னால் நின்ற லாரிக்காரன், தன்னைத்தான் விரட்டுகிறார்கள் என்று சண்டைக்கு இறங்கி வந்தான். பெட்டியைப் பார்த்ததும் அவனும் சேர்ந்து தேட ஆரம்பித்தான்.

அவளுக்குப் பொறுமை போயிற்று. இந்த மனுஷனோடு குடும்பம் நடத்தியவள் அவள். சாவி காணோம், கண்ணாடி காணோம் என்று வீடே அல்லோலகல்லோலப்படும்போது, நாற்காலியில் சாய்ந்தபடி "நல்லாத் தேடுங்க" என்று அதிகாரம் செய்வார். கடைசியில் பார்த்தால் பொருள் அவருக்கு அடியில்தான் இருக்கும்.

"பெட்டியைத் தூக்குங்க," என்றாள்.

"ஏத்தினதை இறக்குறதாம்மா?" என்று சின்ன மாமனார் திகைத்தார்.

அவள் பெட்டியின் பக்கம் குனிந்து, வழக்கமான சலிப்போடு சொன்னாள்: "கொஞ்சம் எந்திரிங்க."

நாலு பேர் தூக்கினார்கள். அடியில் ஒரு பலகை மூடி. திறந்தால் ஃபியூஸ் அத்தனையும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. டிரைவர் முதலில் ஒன்றைப் பிடுங்கினான், உள்விளக்கு அணைந்தது. அடுத்ததைப் பிடுங்கினான், ஹாரன் நின்றது. தெருவே அடங்கியது.

பெட்டியைப் பழையபடி வைத்தார்கள்.

"சரி, படுத்துக்குங்க," என்றாள்.

இனிமேல் வீட்டில் எது காணாமல் போனாலும் அவரை எழுப்ப வேண்டியிருக்காது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. லாரிக்காரன் கதவை மெதுவாகச் சாத்தினான். அவள் ஓவென்று அழுதாள்.